வால்வு மூடிமேல் போட்ட நாற்காலி

அவள் வாய்க்குப் பயந்துதான் வேலை கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய்யில்லை. குழாயில் கலங்கல் வந்தாலும் சரி, வெறும் காற்று வந்தாலும் சரி, குடத்தோடு குடிநீர் அலுவலகத்துக்குப் போய், அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். ஒருநாள் மேற்பார்வையாளர் பொறுமையிழந்து, "அவ்வளவு அக்கறை இருந்தா நீயே வந்து தண்ணி விடும்மா" என்றார். கேலியாகச் சொன்னது. அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் எடுத்தபோது போய் நின்றாள், பயிற்சி பெற்றாள், தேர்வில் தேறினாள். நீரேற்று நிலையத்துச் சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. ஊருக்கு அவள் வால்வுக்காரி ஆனாள்.

தொட்டியடியில் தண்ணீர் நன்றாக இருந்தால் அவளுக்குப் போதாது. ஒவ்வொரு தெருவிலும் கடைசி வீட்டுக் குழாயில் நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போடுவாள். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வரும். வந்தால்தான் அடுத்த தெரு.

ஒரு காலையில் கீழத்தெருக் கோடியில் நிறம் வரவில்லை. இன்னொரு மாத்திரை போட்டாள். அப்போதும் தண்ணீர் வெளுத்தபடியே இருந்தது. முகர்ந்து பார்த்தாள்; லேசான சாக்கடை வாடை. பிள்ளைகளுக்கு வாந்தி நிற்கவில்லை என்று அந்த வீட்டுத் தையல்காரர் சொன்னார். அவள் நேரே போய்த் தெருவின் வால்வை மூடினாள்.

குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் கதை தலைகீழ். வெளியே இருக்கிற அழுக்கெல்லாம் உள்ளே ஏறிவிடும். எந்த வீட்டில் மோட்டார் ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தாள். எல்லார் வாயிலும் பூட்டு. கடைசியில் தையல்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க அண்ணன் சலவைக்கடையில தண்ணி வர்ற நேரத்துல மட்டும் ரேடியோ அலறும்மா. பாட்டுன்னா உயிரு போல."

அண்ணனுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அவளுக்குத் தெரியாதா? கடைக்குப் பின்கட்டில் கவிழ்த்திருந்த பீப்பாயைத் தூக்கினாள். அடியில் மோட்டார்.

"என்னண்ணா இது?"

"கடைக்குத் தண்ணி பத்தல. ஊர் உலகத்துல எவனும் செய்யாததையா செஞ்சுட்டேன்?"

"சாக்கடையை இழுத்துத் தெருவுக்கே ஊத்துறியே, தெரியுமா?"

"அதுக்குக் கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுப்பியா?"

தேர்வுக்கு அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவன் இந்த அண்ணன்தான். ஆனாலும் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"காட்டிக் குடுக்க மாட்டேன். கழட்டிட்டுப் போறேன்."

மோட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டி, நடுத்தெருவில் எல்லோரும் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனாள்.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வரச் சொல்லியிருந்தாள். லாரிக்கு முன்னால் மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார்.

"மோட்டாரைத்தான் கழட்டிட்டியே, திறந்து விடும்மா."

"ஓட்டை அப்படியேதான் சார் இருக்கு. தோண்டிச் சரி பண்ணணும், மருந்து விட்டுக் குழாயக் கழுவணும். கடைசி வீட்டுல நிறம் வந்தாத்தான் திறப்பேன்."

"ஜனங்க கத்துறாங்க."

"கத்தட்டும் சார். கத்துறதுக்குத் தெம்பு இருக்குல்ல, அதுவே நல்லது."

"உன்னை வேற ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்."

"அங்கேயும் வால்வு இருக்கும்ல சார்?"

நிலையத்திலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வால்வுக் குழியின் இரும்பு மூடிமேல் போட்டு உட்கார்ந்தாள். திருகும் நீளச்சாவி மடியில் கிடந்தது. கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?"

"எங்கப்பன் வீட்டுதா இருந்தா எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். உங்க பிள்ளைங்க குடிக்கிறது, அதான் உட்கார்ந்திருக்கேன்."

லாரி வந்ததும் முதல் குடத்தோடு வந்தவள் அண்ணி. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்கண்ணன் இனிமே உன்கூடப் பேச மாட்டாராம். அதை உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு."

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்கண்ணி. தண்ணியக் கொதிக்கவெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்தபின் மேற்பார்வையாளர் தோண்டுகிறவர்களை அனுப்பினார். சாக்கடைக்குக் குறுக்கே குழாய் போகிற இடத்தில் ஓர் இணைப்பு, கறுத்த சேற்றுக்குள் முங்கிக் கிடந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் தொட்டதும் உதிர்ந்தது. எட்டிப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். கத்தியவனையும் அதற்குப் பிறகு காணோம். இணைப்பை மாற்றி, மருந்து கலந்த தண்ணீரைக் குழாயில் நிறுத்தி வைத்து, மறுநாள் முழுக்கத் திறந்து கழுவி விட்டார்கள். தையல்காரர் வீட்டுக் குழாயில் ரோஜா நிறம் வந்தது. அதன்பிறகுதான் தெருவுக்குத் தண்ணீர் விட்டாள்.

இருந்தும் இடமாற்றம் வந்தது. சொன்ன சொல்லை மேற்பார்வையாளர் காப்பாற்றினார். அண்ணனும் அப்படித்தான், இன்றுவரை பேசவில்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் தானாக வந்து விழும்படி கடை முற்றத்தில் தரைத்தொட்டி கட்டிவிட்டான். யார் சொன்ன யோசனை என்று கேட்டால் தன்னுடையது என்பான்.

புது நிலையத்தில் முதல் நாளே அவள் மேல்நிலைத் தொட்டியில் ஏறினாள். மூடி இல்லை, தண்ணீரில் புறா இறகுகள் மிதந்தன. இறங்கி வந்து கேட்டபோது அங்கிருந்த பம்புக்காரர் கொட்டாவி விட்டார்.

"ரொம்ப வருஷமா இப்படித்தாம்மா ஓடுது."

"இன்னிக்கு நின்னுடும்ணே" என்று மோட்டார் சுவிட்சை அணைத்தாள். தொட்டியிலிருந்து ஊருக்குப் போகிற வால்வையும் மூடிவிட்டு அதே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.