ஒரே ஒரு காலியிடம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சிவப்புப் பேனா'. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் திருத்தாமல் திருப்பித் தரமாட்டாள். அலகு விட்டுப்போயிருந்தால் ஒரு வட்டம், பிழை அளவு போடாவிட்டால் இரண்டு வட்டம். அவள் வாயால் 'நல்லாயிருக்கு' என்று கேட்டவர் அங்கே யாருமில்லை.

வயது முப்பத்தெட்டு. முனைவர் பட்டம் வாங்கிப் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அதில் ஏழு ஆண்டுகள் இரண்டு வெளிநாடுகளில், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். கடைசி மூன்று ஆண்டுகள் இந்த நிறுவனத்தில் தற்காலிக விஞ்ஞானி. அடித்தளத்தில் ஹீலியத்தைத் திரவமாக்கும் பெரிய இயந்திரம் இருந்தது. அது முனகினால் எந்த வால்வில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஆனாலும் அவள் அறைக் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. நிரந்தர விஞ்ஞானிகளுக்குத்தான் பலகை. இயற்பியலில் நிரந்தர வேலை குதிரைக்கொம்பு. யாராவது ஓய்வு பெற வேண்டும், அந்த இடத்தை நிரப்ப மேலிடம் மனம் வைக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு தங்கை, ஐந்து வயது இளையவள். அக்கா எடுத்த பாடத்தையே எடுத்தாள், அக்கா படித்த கல்லூரியிலேயே சேர்ந்தாள், அக்காவின் பழைய குறிப்பேடுகளை வைத்தே தேர்வுகளை எழுதினாள். பெரியவள் மூச்சு வாங்க ஏறிய படிகளைச் சின்னவள் இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள். அவளுடைய முதல் கட்டுரையே பெரிய இதழில் வந்தது. அன்று அம்மா பெரியவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உனக்கும் ஒரு நாள் வரும்மா" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது முள்ளாகத் தைத்தது.

இப்படியிருக்கும்போதுதான் நிறுவனத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வந்தது. சோதனை இயற்பியல், நிரந்தரப் பணி, ஒரே ஒரு காலியிடம். அரை மணி நேரத்தில் தங்கை அழைத்தாள்.

"உங்க இடத்துல வேலை வந்திருக்கே, பாத்தியாக்கா? நானும் போடட்டுமா?"

"தாராளமா போடு. எனக்குன்னு எழுதியா வச்சிருக்காங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தொலைபேசியை வைத்த பிறகு அந்த அறிவிப்பை மறுபடியும் திறந்து பார்த்தாள். ஊரில் வேறு நிறுவனமே இல்லையா? நான் மூன்று வருஷமாகக் காத்துக் கிடக்கிற வாசலில்தான் இவளும் வந்து நிற்க வேண்டுமா?

இருநூற்றுப் பதினான்கு பேர் விண்ணப்பித்தார்கள். நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் நால்வர். அக்காவும் தங்கையும் அதில் இருந்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே" என்றாள். 'வீட்டுக்கு எதுக்கு வேலை? எனக்கு வேணும்' என்று பெரியவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நேர்முகத்துக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கை பையோடு வந்து அக்காவின் வாடகை வீட்டில் இறங்கினாள். மதியம் சாப்பிட்டபின், கூடத்து வெள்ளைச் சுவரில் படங்களைக் காட்டி உரையை ஒத்திகை பார்த்தாள். ஒரு படிகத்தைக் குளிர்விக்கக் குளிர்விக்க அது உமிழும் ஒளி ஏறிக்கொண்டே போகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. மூன்றாவது படத்தில் வளைகோடு அழகாக மேலே ஏறியது.

பெரியவள் பார்த்த மாத்திரத்தில் ஓட்டையைக் கண்டுகொண்டாள். படிகம் குளிரும்போது மட்டும் அளந்திருக்கிறாள், திரும்பச் சூடேறும்போது ஒளி இறங்குகிறதா என்று அளக்கவே இல்லை. படிகத்தை ஒளிரவைக்கப் பாய்ச்சும் லேசர் மணிக்கணக்காக எரிந்தால் அதன் பலமே மெல்ல மாறும். சுவரில் ஏறுவது படிகத்தின் குணமா, லேசரின் கூத்தா? இதை எப்படிச் சொல்ல முடியும்?

"எப்படிக்கா இருக்கு?"

நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. எத்தனை முன்பின் தெரியாதவர்களுக்கு வலியப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"நல்லாயிருக்கு" என்றாள்.

தங்கை ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு கணினியை மூடினாள்.

மறுநாள் காலை முதலில் போனது பெரியவள். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். கடைசியில் குழுவில் இருந்த வழுக்கைத் தலைப் பேராசிரியர், "உங்க முடிவுகள்ல உங்களுக்கே சந்தேகம் இருக்கிற இடம் எது?" என்று கேட்டார். "அப்படி எதுவும் இல்ல சார். எல்லாம் சரிபார்த்தாச்சு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

தங்கை உள்ளே போனதும் இவள் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தாள். 'கேட்கட்டும், யாராவது அதைக் கேட்கட்டும்' என்று மனசு அடித்துக்கொண்டது. கூடப் பிறந்தவளுக்கு இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்ததே தவிர நினைப்பு நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியது. தங்கை வெளியே வந்தபோது விரலெல்லாம் சுண்ணக்கட்டித் தூள்.

"மூணாவது படத்துலயே பிடிச்சுட்டாங்கக்கா. 'குளிரும்போது மட்டும்தானே அளந்திருக்கீங்க?'ன்னு கேட்டாங்க."

பெரியவளின் நெஞ்சில் சில்லென்று ஒரு சந்தோஷம். "ஐயோ. அப்புறம்?"

"தெரியல, சோதிக்கலன்னு ஒத்துக்கிட்டேன். எப்படிச் சோதிக்கலாம்னு பலகையில போட ஆரம்பிச்சேன். அந்த வழுக்கைத் தலை சார் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கிக்கிட்டாரு. கடைசியில எல்லாரும் பலகைகிட்டதான் நின்னாங்க. நேரம் போனதே தெரியல."

சந்தோஷம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. பத்து நாளில் கடிதம் வந்தது. வேலை சின்னவளுக்கு, பெரியவள் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்.

தங்கை பணியில் சேர்ந்த அன்று, ஒரு ஊழியர் திருப்புளியோடு வந்து அவள் அறைக் கதவில் பெயர்ப்பலகையைப் பொருத்தினார். பெரியவளின் அறை அதே நடைபாதையில் இரண்டு கதவு தள்ளி. நான்கு திருகாணிகளும் இறுகும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், ஊழியர் போனதும் தங்கையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்த லேசர் விஷயம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். வேணும்னேதான் சொல்லல."

தங்கை அட்டைப்பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும். நீ என்னைக்காவது எதையாவது நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கியா? சொன்ன உடனே ஏதோ தப்புன்னு புரிஞ்சுது. எங்கேன்னுதான் கண்டுபிடிக்க முடியல. ராத்திரி முழுக்கத் தூங்கல."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?"

பெரியவள் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"சொல்லாததும் ஒரு வகையில நல்லதாப் போச்சுன்னு வச்சுக்கோ. அதுக்காக உனக்கு நன்றி சொல்லுவேன்னு மட்டும் எதிர்பார்க்காதே" என்றாள் தங்கை.

அதன்பின் இருவரும் நடைபாதையில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்து நடந்தார்கள். பெரியவளின் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. நிரந்தர வேலைக்கான வயது வரம்பும் அதோடு முடிந்தது. ஒரு மருத்துவமனையில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவுக்கு இயற்பியலாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தாள். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர்களோடு உட்கார்ந்து ஒரு ஆண்டு பயிற்சி எடுத்தாள். அவர்கள் அவளை 'ஆன்ட்டி' என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது காலையில் கதிரின் அளவைச் சரிபார்த்து அவள் கையெழுத்துப் போடாமல் கதிர்வீச்சு இயந்திரம் ஓடாது. மருத்துவர்களே அவள் அறை வாசலில் வந்து காத்து நிற்பார்கள். வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தங்கை படிகத்தைத் திரும்பச் சூடாக்கியும் அளந்து பார்த்தாள். ஏற்றத்தில் பாதி லேசரின் வேலை, மீதிப் பாதி நிஜம். அதை வைத்து எழுதிய கட்டுரை அவளுடைய முதல் கட்டுரையைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது. கூடப் பிறந்தவர்கள் எத்தனை நாள் சுவரைப் பார்த்து நடப்பார்கள்? ஒரு நாள் தங்கையே மருத்துவமனைக்கு வந்தாள், சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து பேசினார்கள். அவள் தன் மாணவர்களைப் பற்றி, புதிதாக வாங்கப்போகும் கருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறி ஏடு கட்டியது.

அன்று மாலை அம்மா தொலைபேசியில் கேட்டாள். "இன்னுமா அவமேல கோபம்?"

"கோபம் எப்பவோ போயிடுச்சும்மா."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"பொறாமைம்மா. அது மட்டும் போகல."

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.