இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே ஒரு குளியலறை

அக்கா என் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆண்டிமடம் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி, ஊன்றுகோலோடு பெரம்பலூர் வந்து இறங்குவாள். முகமெல்லாம் வேர்த்திருக்கும். சொம்பை நீட்டினால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"நல்லா குடிக்கா. வெயில்ல வந்திருக்க."

"குடிச்சிட்டு? அப்பறம் நீ என்னைத் தூக்கிட்டுப் போவியா? மொதல்ல உன் இடுப்பைப் பாரு."

இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன கால் அவளுக்கு. ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வாடகை வீடு. படி உயரம், தரை வழவழப்பான டைல்ஸ், குத்தவைத்து உட்காரும் கழிப்பறை, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் காலையில் வந்து சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுகிறவளாகிவிட்டாள். பஸ் ஏறும்வரை தண்ணீரும் கிடையாது.

எனக்கு அவள் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஐம்பதை நெருங்குகிற என்னை இன்னும் "பாப்பா" என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருக்கிறாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, நான் தூங்கும்வரை தெருவில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வாயே திறக்காத பிள்ளை. கடையில் போய் உப்பு கேட்பதென்றாலும் அவள்தான் எனக்காகக் கேட்பாள்.

அக்கா வந்திருந்த ஒரு நாள், தெரிந்த கொத்தனார் ஒருவரை வரச்சொன்னேன். அவர் அக்காவைக் குளியலறைக்குள் நிற்கவைத்து, "எங்க புடிச்சா உங்களுக்கு வாட்டமா இருக்குங்க?" என்று கேட்டார். அவள் கை வைத்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வீட்டுக்கார அம்மாவும் சரி என்றுதான் சொன்னார். கைப்பிடி, உட்காரும் கழிப்பறை, வழுக்காத தரை என்று எல்லாம் சேர்த்துக் கொத்தனார் சொன்ன தொகைதான் எங்களுக்கு எட்டவில்லை. என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வாங்குகிற கூலி வாடகைக்கும் பிள்ளை படிப்புக்குமே சரியாகப் போகிறது.

மனு கொடுத்தால் உதவி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்ன பேச வேண்டும் என்பதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே பெரம்பலூர் மாற்றுத்திறனாளிகள் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "இவங்க அரியலூர் மாவட்டம்மா. அங்கதான் குடுக்கணும்" என்றார்.

அடுத்த வாரம் அக்காவையும் கூட்டிக்கொண்டு அரியலூர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "பாத்ரூம் எந்த ஊருலம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பெரம்பலூர்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆளு இந்த மாவட்டம், பாத்ரூம் அந்த மாவட்டமா? நான் என்னம்மா பண்றது?"

அக்கா சிரித்துவிட்டாள். "ரெண்டும் ஒரே ஜில்லாவா இருந்தப்பவே நான் விழுந்திருக்கணும் சார். புத்தியில்லாம லேட்டா விழுந்துட்டேன்."

அவரும் சிரித்தார். பிறகு யோசித்து, "உங்களுக்குச் சொந்த வீடு இருக்காம்மா?" என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "இருக்குங்க சார். அப்பா எம்பேர்ல எழுதி வெச்சுட்டுத்தான் போனாரு."

சொந்த வீட்டில் இருப்பவர்களுக்குக் குளியலறையைச் சரிசெய்து தர ஒரு அறக்கட்டளை இருப்பதாக அவர் சொன்னார். வாடகை வீட்டுக்குச் செய்ய மாட்டார்களாம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக் கழிப்பறையும் அதே லட்சணம்தான். சுவரைத் தடவிக்கொண்டு எப்படியோ சமாளித்து வந்தாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

சில மாதங்களில் அறக்கட்டளைக்காரர்கள் அக்கா வீட்டில் வேலையை முடித்துவிட்டார்கள். அக்கா போனில் கத்தினாள். "பாப்பா, எங்கூட்டு பாத்ரூமை வந்து பாரு! கல்யாண மண்டபம் தோத்துப்போவும்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி, சொரசொரப்பான தரை. அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. குளித்துவிட்டு வந்தவள், என் எதிரிலேயே ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள்.

இனி அவள் பெரம்பலூர் வந்து தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் "நீயே வா பாப்பா" என்கிறாள்; முன்போல அவள் வருவதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனதும் நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுநாள் விடிகாலையில் வீட்டுக்காரருக்குச் சோறு கட்ட வேண்டும், பிள்ளைக்குப் பரீட்சை.

"ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயேன் பாப்பா" என்றாள்.

அக்கா என்னிடம் கேட்டு நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளே, "சரி போ, பஸ்ஸ வுட்டுடாத" என்று பையை எடுத்துக் கொடுத்தாள்.

என் வீட்டுக் குளியலறைச் சுவரில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. சோப்பு நுரை பட்டு மங்கிவிட்டது. என் உயரத்துக்கு அது கொஞ்சம் தாழ்வு. ஆனாலும் குளிக்கும்போது கை அங்கேதான் போகிறது.