மெயில் பெரட்டு

காலை ஆறு ஐம்பது. பிரௌசிங் சென்டரின் ஷட்டர் இடுப்பளவுக்குத் தூக்கியிருந்தது. குனிந்து பார்த்தபோது முதலில் தெரிந்தது, முதல் கணினியின் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: கடவுச்சொல் தவறு. அதன் முன்னால் கடைக்காரர் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்றுகொண்டிருந்தார். நாற்காலி பக்கத்தில் இருந்தும் உட்காரவில்லை.

"ஏனுங்க, இது பதினேழாவது மெயில் பெட்டிங்க. ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது."

பந்தலூரில் நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்தது. பல எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. சில ஃபேக்டரிகளில் சங்கு ஊதுவதே நின்றுவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் என் அறை, கீழே அந்த சென்டர். நான்கு கணினி, ஒரு பிரிண்டர், வாசலில் ஈரக் குடைகளைப் போட ஒரு பெயின்ட் வாளி. மழைக்காலம் முழுக்க அந்த வாளி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்தால் ஈரக் கம்பளியும் சூடான பிரிண்டர் மையும் கலந்த வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது பிரிண்டர் ஓடினால் அந்த வாளி நினைவுக்கு வருகிறது.

எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். கடைக்காரர் தினமும் செய்த ஒரு வேலைக்கு, லயம் எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வைத்த பெயர் மெயில் பெரட்டு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அவர்தான் மின்னஞ்சல் பெட்டி தொடங்கிக் கொடுத்திருந்தார். அங்கேயே தங்கிவிட்ட உறவினர்கள் அதில் எழுதுவார்கள். மழையில் நாலு மைல் நடந்து வந்து பெட்டியைத் திறந்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போக யாருக்கும் கட்டாது. அதனால் ஏழு மணிக்குள் அவரே எல்லாப் பெட்டிகளையும் வரிசையாகத் திறப்பார். வந்திருக்கும் கடிதத்தை அச்சிடுவார். மை மிச்சமாகட்டும் என்று தலைப்பு, முகவரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும். மடித்து, மேலே பெயரும் லயத்து நம்பரும் எழுதி, ஏழேகால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்.

லயத்துக்குப் பிரியும் பாதையில் பஸ் நிற்காது, வேகம் குறையும். கண்டக்டர் படியில் தொங்கியபடி காகிதத்தை நீட்டுவார். "உன்ற மருமகன் இன்னிக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கணும்!" என்பார். கீழே நிற்பவர் அதற்குப் பதில் சொல்வதற்குள் பஸ் வளைவில் மறைந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்காக எல்லோருடைய கடவுச்சொல்லையும் முதல் கணினியில் சேமித்து வைத்திருந்தார். பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் பெட்டி திறந்துவிடும். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் தபால் அடுக்கும் பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தானே இருக்கும்.

திறக்காமல் போன பெட்டிகளில் ஒன்று, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுடையது. ஐம்பதைத் தாண்டியவர். நான் அக்கா என்பேன். குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது கல்யாணமாகியிருந்த அவருடைய மூத்த சகோதரி மட்டும் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. கொழும்பில் கடை வேலை பார்க்கும் அந்த மூத்தவருடைய மகன்தான் கடிதம் எழுதுவார். கடைசிக் கடிதத்தில், அம்மாவைத் திருச்சிக்கு விமானத்தில் அனுப்பப் போவதாகவும், டிக்கெட் கிடைத்ததும் தேதி எழுதுவதாகவும், சித்தி வந்து கூட்டிப்போக வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அந்தத் தேதிக்காகத்தான் அவர் தினமும் பாதை முனையில் நின்றார்.

நடந்ததை இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தக் கணினிகளில் விளம்பரத் தடுப்பானைப் போட்டது நான். பாதுகாப்புக்காக இல்லை, வேகத்துக்காக. இணையம் அங்கே அவ்வளவு மெதுவாக வரும். விளம்பரப் படங்கள் இறங்கி முடிவதற்குள் கோவையில் என் பதிப்பு அச்சுக்குப் போய்விடும். தடுப்பானைப் போட்ட பிறகு பக்கங்கள் வெள்ளையாக, சீக்கிரமாகத் திறந்தன. கடைக்காரருக்குச் சந்தோஷம்.

அந்தக் காலைக்கு இரண்டு நாள் முன்பு, குன்னூர் ஏல விலையைப் பார்க்க முதல் கணினியில் உட்கார்ந்தேன். விலைப் பட்டியல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தடுப்பான் அதையும் விளம்பரம் என்று எடுத்துக்கொண்டு மறைத்திருந்தது. தடுப்பானை நிறுத்தினேன். பட்டியல் வந்தது. குறித்துக்கொண்டு செய்தியை அனுப்பும்போதே மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். தடுப்பானை மறுபடி போடவில்லை.

கோவை அலுவலகத்தில் கணினி பார்க்கும் நண்பர் போனில் விளக்கினார். ஏதோ ஒரு பக்கத்தில் வந்த விளம்பரத்துக்குள் ஒரு திருட்டு நிரல் இருந்திருக்கிறது. யாரும் எதையும் அழுத்தியிருக்க வேண்டியதில்லை. பழைய பிரௌசரில் அந்த விளம்பரம் தெரிந்ததே போதும். அது உள்ளே இறங்கி, சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களை எல்லாம் யாரோ திருடனுக்கு அனுப்பிவிட்டது.

"பக்கத்த நடத்தறவன் பாத்துதானே விளம்பரம் போடுவான்?" என்று கேட்டேன். எங்கள் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம்கூட ஒருவர் கையெழுத்தில்லாமல் அச்சேறாது.

"அவனுக்கே தெரியாது. நீங்க பக்கத்தத் தொறக்கற நொடியில அந்த எடம் ஏலத்துக்குப் போவுது. யாரு எடுத்தாங்கன்னு யாரும் பாக்கறதில்ல."

குன்னூர் ஏலத்தில் தேயிலையை முன்னதாகவே சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். கொதிநீரில் போட்டு, வாயில் உறிஞ்சி, துப்பிவிட்டு. அதைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன்.

அதே காலை ஒன்பது மணிக்கு அக்கா சென்டருக்கே வந்துவிட்டார். அன்று வேலை இல்லாத நாள். குடையை வாளியில் போட்டார்.

"பேப்பர் தம்பி, தேதி வந்துருச்சா? கண்டக்டர் வெறுங்கையக் காட்டிட்டுப் போறான்."

"பெட்டிய யாரோ பூட்டிட்டாங்கக்கா. சாவியவும் மாத்திட்டாங்க."

"யாரு?"

"தெரியாது."

"யாருன்னே தெரியாத ஆளுக்கு எங்கக்கா வர்ற தேதி எதுக்கு?"

தடுப்பானை நிறுத்தியதும் திரும்பப் போட மறந்ததும் நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன்.

"பெரட்டுக்கு லேட்டாப் போனா எங்களுக்கு அரைப்பேர் போடுவாங்க. உங்களுக்கு என்னத்தப் போடுறது?"

அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. அவர் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கொழும்பு மகனுடைய மின்னஞ்சல் முகவரி பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அக்கா வைத்திருந்த கடிதங்களைப் பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்தார். ஒன்றிலும் முகவரி இல்லை, மை மிச்சத்துக்காக அச்சில் விட்டதுதான். பெட்டியை மீட்கக் கேட்டு மின்னஞ்சல் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். பதிலில் வந்தவை கேள்விகள் மட்டும். திருச்சி நிருபருக்குப் போன் செய்தேன். "தெனமும் விமானம் வருதுங்க. மொகம் தெரியாம யாரத் தேடறது?" என்றார். முகம் அக்காவுக்கும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் முதல் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார். கடவுச்சொற்களை நோட்டில் எழுதி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, கூடலூரில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டம் முடிந்து மாலை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அதே கண்டக்டர். நாடுகாணியில் பனி இறங்கியிருந்தது. அவர் என் சீட்டுக்கு வந்து முன்பக்கம் கையைக் காட்டினார்.

"பேப்பரண்ணே, இந்தத் தடவ மடிச்சுக் குடுக்க முடியாது. ஆளாவே வந்திருக்குது!"

முன் சீட்டில், கயிறு கட்டிய சூட்கேசை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று தங்கச்சி பெயரையும் லயத்து நம்பரையும் சொல்லிச் சொல்லி விசாரித்திருக்கிறார். அதைத் தினமும் காகிதத்தின் மேல் படித்துப் பழகியவர் கண்டக்டர் ஒருவர்தான்.

தேவாலா தாண்டிப் பாதை பிரியும் இடத்தில் பஸ் வேகம் குறையவில்லை, நின்றது. கண்டக்டர் சூட்கேசை இறக்கினார். பாதையில் விறகோடு வந்துகொண்டிருந்த ஒருவரிடம், "ஓடிப்போய்ச் சொல்லுய்யா, கடுதாசி வந்திருச்சுன்னு!" என்று கத்தினார். ஐந்து நிமிடம் போல நின்றோம். பஸ்ஸில் ஒருவரும் விசில் அடிக்கச் சொல்லவில்லை. மேலேயிருந்து அக்கா செருப்பில்லாமல் இறங்கி வருவது ஜன்னலில் தெரிந்தது.

விவரம் மறுநாள் தெரிந்தது. மகன் தேதியை எழுதியிருக்கிறார், பெட்டி பூட்டிக்கொண்ட அன்றே. மூத்தவர் காலையில் திருச்சி விமான நிலைய வாசலிலும் இரவில் கூட வந்தவர்களுடைய உறவினர் வீட்டிலுமாகக் காத்திருந்துவிட்டு, பிறகு தனியாகப் பஸ் ஏறியிருக்கிறார்.

அவர் பதினைந்து நாள் தங்கத்தான் வந்திருந்தார். திருச்சியில் ஆறு நாள் போயிருந்தது.