கடைக்குப் பின்னால் ஒரு தையல் அறை

இரண்டு வருடங்களுக்கு முன், ரம்ஜானுக்குச் சில வாரங்கள் இருந்தபோது சங்கராபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. கணவர் போன பிறகு எனக்குத் தையல் மெஷின்தான் சோறு போட்டது. கூடவே இரண்டு நாய்கள். பஸ் ஸ்டாண்டில் அடிபட்டுக் கிடந்தவன் கருப்பன். யாரோ மூட்டையில் கட்டி எறிந்தவள் வெள்ளச்சி. இரண்டுக்கும் வயதாகிவிட்டது. அவனுக்குக் கண் தெரியாது. அவளுக்குப் பின்னங்கால் வராது, தினமும் மாத்திரை வேண்டும்.

ஒரே அறை வீடு. தைத்த துணியில் எல்லாம் நாய் முடி. ஒவ்வொருவராகத் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். "கல்வராயன் மலப் பக்கம் கொண்டுபோய் வுட்டுடு, அதுங்க பொழச்சிக்கும்" என்றார் ஒரு வாடிக்கையாளர். கண் தெரியாததும் கால் வராததும் எங்கே போய்ப் பிழைக்கும்? எனக்கு வந்த கோபத்தில் அவர் ஜாக்கெட்டை அளவு குறைத்துத் தைத்திருப்பேன், அதையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாத்திரை வாங்க வழியில்லாமல் வெள்ளச்சி ராத்திரியெல்லாம் முனகினாள். மெஷினையே விற்றுவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் தெருமுனை மளிகைக்கடை பாயின் மனைவி பண்டிகைத் துணியோடு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நானே முந்திக்கொண்டேன்.

"நாய் முடி ஒட்டும்மா. வேற எங்கனா குடுத்துடுங்க."

"ஆமாக்கா, நாய் எச்சி பட்ட துணியோட நாங்க தொழ முடியாது" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "அதுக்கோசரம் வாயில்லாததுங்கள தெருவுல வுட்ற முடியுமா? எங்க கடைக்குப் பின்னால ஒரு ரூமு சும்மாதான் கெடக்குது. மெஷின அங்க கொண்டாந்து போடு."

"வாடகை இன்னாம்மா?"

"பசங்களுக்குச் சட்ட தச்சிக் குடு, போ!"

மறுநாளே பாய் குட்டியானை வண்டியை அனுப்பிவிட்டார். ஒரே ஒரு கண்டிஷன்: கை கால் கழுவி, அங்கே ஆணியில் தொங்கும் புடவைக்கு மாறிய பிறகுதான் துணியைத் தொட வேண்டும். ஸ்கூல் பிள்ளை மாதிரி எனக்கும் யூனிபார்ம்! அந்தப் பண்டிகைக்கு அவர் சொந்தக்காரர்கள் வீட்டுத் துணியெல்லாம் என்னிடம் வந்தது. வெள்ளச்சிக்கு மாத்திரை வந்தது. முனகல் அடங்கி அவள் தூங்கிய அன்று நான் உட்கார்ந்து அழுதேன்.

போன மழைக்காலத்தில் கருப்பன் இறந்தான். பாய் கடையை மூடிவிட்டுக் கடப்பாரையோடு வந்து கொல்லையில் குழி வெட்டினார். அந்தம்மா வழக்கம்போல கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெள்ளச்சி இன்னும் இருக்கிறாள். தினமும் நான் புடவை மாற்றி வந்து உட்கார்ந்ததும், "கெழவி சாப்ட்டாளாக்கா?" என்று அந்தம்மா கேட்பார். என் நாய்களை ஒருநாளும் தொடாத அந்தக் கைகள்தான் எங்கள் மூன்று பேரையும் தாங்கிப் பிடித்தன.