கரும்பச்சைத் திட்டுகள்

எங்கள் கப்பல் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஸ்டோக் கழிமுகத்துக்குள் நுழைந்தது ஓர் ஆகஸ்ட் காலையில். வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்துச் சலித்த கண்களுக்கு முதலில் தெரிந்தது ஒரு குன்று. குன்று முழுக்க மக்காச்சோளம். இளம்பச்சைப் பயிருக்கு நடுவே அங்கங்கே கரும்பச்சைத் திட்டுகள். பெரும்பாலானவை ஆள் நீளம், ஆள் அகலம். எல்லாம் ஒரே திசையில் கிடந்தன.

"என்னடா இது, மலைமேல யாரோ வரிசையா பாய் விரிச்சு வெச்சிருக்கான்?" என்றான் பாய்மரத்தில் ஏறியிருந்த மாலுமி.

"ஊரே தூங்குது போல. நாம வர்ற நாளாப் பாத்துதான் தூங்கணுமா?" என்றான் கீழே இருந்தவன்.

நாங்கள் சிரித்தோம். தண்ணீர்மேல் சத்தம் தெளிவாகப் போகும். கரையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

படகு மணலில் முட்டுவதற்குள் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி எதிரே வந்தாள். யார் வந்திருக்கிறார்கள், மாவு கொண்டுவந்தார்களா என்றெல்லாம் கேட்கவில்லை.

"இந்தக் கப்பல் எப்ப திரும்புது?"

"நாங்க இன்னும் எறங்கவே இல்லம்மா," என்றார் படகுக்காரர்.

"எறங்கறது உங்க தலையெழுத்து. திரும்பறது எப்பன்னு கேட்டேன்."

அவள்தான் டாம்சின் ஹாலிக். அவளைப் பற்றி நான் இங்கே சொல்வதில் பாதி நானே பார்த்தது. மீதி, அவளோடு இருந்தவர்கள் சொன்னது.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பிட்ஃபோர்டு துறைமுகத்தில் வலை பின்னும் குடும்பத்தில் பிறந்தவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். பாஸ்கோ என்ற கூரை வேய்பவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்தவன் வீட்டுக்கே கூரை போட்டுக்கொண்டிருந்த பாஸ்கோவுக்குச் சொந்த நிலத்தின்மேல் ஆசை. கடல் கடந்தால் நிலம் சும்மா கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

"சும்மா கெடக்குதுன்னா, அதுல இருந்தவன் எங்க போனான்?" என்று டாம்சின் கேட்டாளாம். ஆனாலும் நான்கு வயது மகன் ஜோரியையும் தூக்கிக்கொண்டு மூவரும் கப்பல் ஏறினார்கள்.

முதல் பனிக்காலத்திலேயே ஊரில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஈறு வீங்கியது, கால் கறுத்தது, காய்ச்சல் வந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் காட்டு மக்களின் கிராமம். நாம் இவ்வளவு குறைந்துவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஊர்ச் சபையை நடத்திவந்த டீக்கன் கிரிம்ஸ்டன் ஓர் ஏற்பாடு செய்தார். பிணங்களைக் குன்றுக்கு எடுத்துப்போய்ப் புதைக்க வேண்டும். மேடு கூடாது, கல் கூடாது. மண்ணை மட்டமாகத் தட்டிவிட வேண்டும். பெண்கள் கூடவே வரக்கூடாது. யாரை எங்கே வைத்தோம் என்று புதைக்கிறவர்கள் கட்டின மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது. தெரிந்தால் தாய்க்காரி போய் உட்காருவாள், அவள் உட்காருவதே அடையாளமாகிவிடும் என்பது டீக்கனின் கணக்கு. புதைக்கப் போனவர்கள் வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். பாஸ்கோவும் செய்தான்.

பிப்ரவரியில் ஜோரி இறந்தான். கிழிந்த பாய்த்துணியில் சுற்றிப் பாஸ்கோ தூக்கிப் போனான். தனியாகத் திரும்பி வந்தான்.

"எங்க வெச்ச?"

"குன்றுலதான்."

"குன்றுல எங்க?"

"சத்தியம் பண்ணிருக்கேன் டாம்சின். வசந்தம் வரட்டும், சொல்றேன்."

வசந்தம் வந்தபோது பாஸ்கோவும் குன்றில்தான் இருந்தான். அவன் எந்த இடத்தில் என்பதும் தெரியாது.

பனி உருகியதும் குன்றையே உழுதார்கள். சுற்று வட்டாரத்தில் மரமில்லாத ஒரே இடம் அதுதான். விதைக்குழிக்கொரு மீனை உரமாகப் போட்டு, மேலே சோளம் விதைத்தார்கள். இனி யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது என்று டீக்கன் நிம்மதியானார். ஜூலை வரைக்கும் தெரியவில்லைதான். அப்புறம் பயிர் எழுந்தது. பிணம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு முழம் கூடுதலாக, கறுத்து, தடித்து எழுந்தது. மறைக்க விதைத்த பயிரே ஒவ்வொருவரையும் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்தது.

டாம்சினுக்கு அது பயமாக இல்லை. நீளத் திட்டுகளுக்கு இடையே, குன்றின் சரிவில், சிறிதாக வட்டமாகச் சில திட்டுகள் இருந்தன. குழந்தை அளவு. அதில் ஒன்றை ஜோரியுடையது என்று முடிவு செய்தாள். பாஸ்கோ எப்போதும் நிழல் பார்த்து உட்காருபவன், குன்றோரத்து ஓக் மரத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருப்பான் என்பது அவள் காரணம். தினமும் போய் அதன் நடுவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். பையன் எங்கே என்று தெரிந்துவிட்டது. முதல் கப்பலில் பிட்ஃபோர்டுக்குத் திரும்பி அக்காவோடு இருந்துவிடலாம். இடம் தெரியாமல் ஊர் திரும்புவதாக மட்டும் இருக்கவில்லை. இந்த நிலையில்தான் நாங்கள் வந்து சேர்ந்தோம்.

மாலுமியின் கேலி டீக்கனைச் சுட்டுவிட்டது. ஆற்றுமுகத்திலிருந்தே தெரிகிறதென்றால் யாருக்குத்தான் தெரியாது? மறு ஞாயிறு ஜெபவீட்டில் அறிவித்தார்: உயரமாக நிற்கும் பயிரை எல்லாம் மற்றதன் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வேலை எஃப்ரம் தோர்லிக்கு. பனிக்காலத்தில் புதைக்கப் போனவர்களில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள் அவர்தான்.

"வெட்டட்டும், எனக்கென்ன. என் இடம் எனக்குத் தெரியும்," என்றாள் டாம்சின். கப்பல் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. அவள் பெட்டி கப்பலில் ஏறியும்விட்டது.

கடைசியாக ஒருமுறை உட்காரப் போனபோது, அவளுடைய திட்டில் வேறொருத்தி நின்றிருந்தாள். ஆற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து விலாங்கு கொண்டுவந்து விற்கிறவள். மீன்பிடிக் கப்பல்காரர்களிடம் எங்கள் பேச்சைக் கற்றவள், அதனால் கெட்ட வார்த்தைகள்தான் அவளுக்குச் சரளம்.

"தள்ளிப் போடி. அது என் பையன் இடம்," என்றாள் டாம்சின்.

"பையனா? எந்தப் பையன்? இது எங்க பெரியப்பா."

"கண்ணு தெரியலயா? எவ்ளோ சின்னது பாரு. கொழந்தைக் குழி."

விலாங்குக்காரி சிரித்தாள். கூடையைக் கீழே வைத்தாள். சோளத்துக்கு நடுவே மண்ணில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கி, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். மொத்த ஆளும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிட்டாள்.

"இப்படித்தான் வெப்போம்," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீங்கதான் கட்டை மாதிரி நீட்டிப் போடறீங்க. இங்க எங்க ஊர் இருந்துச்சு. பெரிய காய்ச்சல் வந்துச்சு. உங்களுக்கு முன்னாடியே நாங்க இங்க இருக்கோம்."

டாம்சின் நின்ற இடத்திலேயே நின்றாள். சும்மா கிடந்த நிலத்தில் முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது தெரிந்துவிட்டது. எங்கேயும் போகவில்லை.

"நான் தெனமும் இங்க ஒக்காந்து பேசுவேன்," என்றாள் கடைசியில்.

"பாத்திருக்கேன். பரவால்ல. பெரியப்பாவுக்குப் பேச்சுன்னா ரொம்பப் புடிக்கும்."

"நாங்க எத்தன பேரு போயிட்டோம்னு உங்களுக்குத் தெரியாதுன்னு எங்க டீக்கனாரு நெனச்சுட்டிருக்காரு."

"பனியிலயே தெரியும். உங்க வீடுங்கள்ல பொகை ஒண்ணொண்ணா நின்னுச்சு. ஆத்துக்கு அந்தப்பக்கம் ஒக்காந்து பாத்துட்டுதான் இருந்தோம்." விலாங்குக்காரி எழுந்து மண்ணைத் தட்டினாள். "விலாங்கு வேணுமா வேணாமா?"

டாம்சின் நேராகத் தோர்லியின் குடிசைக்குப் போனாள். அவர் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"தோர்லி, கொழந்தைங்கள எங்க வெச்சீங்க?"

"சத்தியம் இருக்கும்மா."

"அந்தச் சத்தியம் யாருக்குப் பயந்து பண்ணுனீங்களோ அவங்க பொகைய எண்ணிட்டிருந்திருக்காங்க. உங்க சத்தியத்த அடுப்புல போடுங்க. சின்னக் குழி எது?"

தோர்லி அரிவாளைக் கீழே வைத்தார். "சின்னக் குழியே இல்ல. மண்ணு இரும்பு மாதிரி கெடந்துச்சு. எங்களுக்கே காய்ச்சல். கொழந்தைக்குன்னு தனியாத் தோண்டத் தெம்பில்ல. அன்னிக்குப் போன பெரியவங்க யாரோ அவங்க பக்கத்துலயே வெச்சோம்."

"ஜோரிய யார் பக்கத்துல?"

"எல்லாத்தையும் துணியில சுத்தித்தான் எடுத்தாந்தாங்க. மொகத்தப் பாக்க எனக்குத் தைரியம் இல்லம்மா. பாஸ்கோதான் எறக்குனான். நான் வேற பக்கம் திரும்பி நின்னுட்டேன்."

அன்றைக்குப் பிற்பகலில்தான் அவர் வெட்டத் தொடங்க வேண்டும். கப்பல் மாலை நீரோட்டத்தில் கிளம்புகிறது. வெட்டிவிட்டால் எது திட்டு, எது வெறும் பயிர் என்று யாராலும் சொல்ல முடியாது. டாம்சின் அவரோடு குன்றுக்குப் போனாள்.

அடுத்து நடந்ததைத் தோர்லிதான் எனக்குச் சொன்னார். கடல்மூட்டம் ஏறி வந்திருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. ஒவ்வொரு கரும்பச்சைத் திட்டுக்குள்ளும் டாம்சின் முதலில் நுழைவாள். பயிர் அவள் தலைக்கு மேல் மூடிக்கொள்ளும். உள்ளேயிருந்து, வாசலில் நின்று விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "ஜோரி, கஞ்சி ஆறுது," என்பாள். கொஞ்சம் காத்திருப்பாள். வெளியே வந்து இல்லை என்று தலையாட்டுவாள். தோர்லி அந்தத் திட்டை வெட்டுவார். அவள் அடுத்ததற்குள் போவாள்.

"வேலை செஞ்ச மாதிரியே இல்ல," என்றார் என்னிடம். "வீடு வீடாப் போயிக் கதவு தட்டற மாதிரி இருந்துச்சு. யாராவது கதவத் தொறந்துடுவாங்களோன்னுதான் எனக்கு ஒதறல்."

பாதிக் குன்று முடிந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு திட்டு. டாம்சின் நுழைந்தாள். கூப்பிட்டாள். அந்தத் திட்டின் மறுமுனையில், தோர்லியின் இடுப்பு உயரத்துக்கும் கீழே, சோள இலைகள் விலகின. மேலே கதிர்கள் அப்படியே நின்றன. கீழே மட்டும் ஏதோ நுழைந்து வருகிறாற்போல விலகல் வரிசையோடு நகர்ந்து, டாம்சின் நின்றிருந்த இடத்துக்குப் போய் நின்றது.

அப்புறம் டாம்சினின் குரல் கேட்டது. கூப்பிடும் குரல் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசும் குரல்.

"சட்டையெல்லாம் மண்ணு பாரு."

தோர்லி அரிவாளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நெடுநேரம் தாழ்ந்த பேச்சு. பிறகு அதுவும் நின்றது. அவள் வெளியே வந்தபோது உடுப்பின் முன்பக்கம் ஈரமண் அப்பியிருந்தது, யாரையோ இடுப்பில் தூக்கி வைத்திருந்த இடத்தில்.

"இதுவாம்மா?"

"வெட்டுங்க."

"இதுதானான்னு கேட்டேன்."

"எல்லாத்தையும்போல இதையும் வெட்டுங்க. மிச்சத்தையும் வெட்டி முடிங்க. நான் கரைக்குப் போகணும்."

கரையில் நான் இருந்தேன். கடைசிப் படகு புறப்பட நின்றது. டாம்சின் தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பெட்டிய எறக்கணும்."

"பெட்டி கப்பல்ல அடியில கெடக்கும்மா. ஏறி ஒக்காரு, நேரமாச்சு," என்றார் படகுக்காரர். "வந்த அன்னிக்கே எப்ப திரும்பறோம்னு கேட்ட. இங்க உனக்கு யாரு இருக்காங்கன்னு நிக்கற?"

"வாங்க, காட்டறேன்."

சும்மா பேச்சுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. படகுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், மூட்டத்துக்குள் கிடந்த குன்றைப் பார்த்தார். துடுப்பை எடுத்தார். பெட்டி பிட்ஃபோர்டுக்கே போயிற்று.

மறு ஆண்டு டாம்சின் எஃப்ரம் தோர்லியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரோடு இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தாள். ஊரில் பாதிப் பிரசவங்கள் அவள் கையில்தான் நடந்தன. ஆற்றுக்கு அந்தப்பக்கமும் கூப்பிட்டால் போவாள். டீக்கனிடம் கடைசிவரை சண்டை போட்டாள். தோர்லி ஆடு மேய்த்தார், மரம் அறுத்தார், மீன் பிடித்தார். விளைந்த சோளத்துக்குள் மட்டும் மறுபடி கால் வைக்கவில்லை. குன்றின் அறுவடையை ஒவ்வொரு ஆண்டும் டாம்சின்தான் செய்தாள், தனியாக.

இதையெல்லாம் தோர்லி எனக்குச் சொன்னது அவர் வீட்டில், கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து. டாம்சின் அடுத்த அறையில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். இலைகள் விலகின இடம் வந்ததும் கடைகிற சத்தம் நின்றது.

"கெழவன் சொல்றத நம்பாத," என்று அங்கிருந்தே கத்தினாள். "அன்னிக்குக் காத்து இருந்துச்சு!"

கடைகிற சத்தம் மறுபடி கேட்கும்வரை தோர்லி காத்திருந்து, என் காதருகே குனிந்தார்.

"காத்து இல்ல," என்றார்.