மூலக்குளத்து வாசலில் தும்பை

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் நாள் முழுக்க வெயில். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்து கட்டிய வீடு அது. அவர் தவறிப்போன பிறகு போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறி, வைத்திருந்த ரோஜாவெல்லாம் கருகிவிட்டது. மார்கழியில் வரும்போது வாசல் முழுவதும் சிமென்ட் போட்டுவிடலாம், உனக்கும் வேலை மிச்சம் என்று பிரான்சிலிருந்து என் மகன் போனில் சொன்னான். காலையில் எழுந்தால் மண்ணில் கால் வைக்க வேண்டும் எனக்கு.

"நீ வர்றதுக்குள்ள ஒரு பூவாச்சும் பூத்திருந்தா போடக் கூடாது," என்றேன்.

"தண்ணி இல்லாம எதும்மா பூக்கும்?" என்று சிரித்தான்.

வில்லியனூர் ரோட்டோரக் காலி மனைகளில் ஆவாரையும் தும்பையும் பூத்துக் கிடக்கும். யார் தண்ணீர் ஊற்றினார்கள்? அங்கே காய்ந்த விதைகளை உருவி முந்தானையில் முடிந்து வந்தேன். ஆடியில் தூவினேன். ஆவணியில் மழை பெய்தும் ஒன்றும் தலைகாட்டவில்லை. இன்னொரு முறை தூவினேன். அப்போதும் இல்லை.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே, கை நுழையாத சந்தில், ஒரு தும்பை நாலு இலையோடு நின்றது. என் துடைப்பம் அங்கே போகாது. அப்போதுதான் உறைத்தது. விடிந்ததும் வாசலை வரி வரியாகப் பெருக்குவது என் வழக்கம். அந்தத் தெருவில் என் வாசல்போல் சுத்தம் வேறெங்கும் கிடையாது. விதையையும் முளைத்ததையும் நானேதான் தினம் வாரிக் கொட்டியிருக்கிறேன்.

புரட்டாசியில் மறுபடி தூவிவிட்டு, நடக்கிற இடத்தை மட்டும் பெருக்கினேன். வாசலில் செத்தை சேர்ந்தது. எதிர்வீட்டுப் பெண், "ஒடம்பு முடியலையா ஆயா? வந்து பெருக்கித் தரட்டா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மார்கழியில் மகன் வந்தான். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டான். தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆவாரை ஒரு சாண்தான் இருந்தது, மொட்டுகூட விடவில்லை.

"இதும் பூவாம்மா?"

"பின்ன என்னடா? ஒரு சொம்பு தண்ணி ஊத்தல நானு."

சிமென்ட் போடும் இடத்துக்குக் கொத்தனார் குச்சி அடித்துக் கயிறு கட்டினார். ஆவாரை எல்லாம் கயிற்றுக்குள் அடங்கிப் போயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மகன் குச்சிகளைப் பிடுங்கினான். கேட்டை ஒட்டி, ஒரு கார் நிற்கிற இடத்துக்கு மட்டும் மாற்றி நட்டான்.

"இதுல எப்போ பூ வரும்?" என்று ஆவாரையைக் காட்டிக் கேட்டான்.

"அடுத்த வருசம் வந்து பாரு," என்றேன்.