ஏழாவது கலவை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் சோடாக்கா. மணல், சோடா, சுண்ணாம்பு என எதை எவ்வளவு கலந்தால் எப்படிப்பட்ட கண்ணாடி வரும் என்று கணக்குப் போடுபவள். பேச்செடுத்தால் நாலாவது வார்த்தை சோடாவாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில்கூட அப்படித்தான். தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

அந்த ஆண்டு கண்ணாடித் தகடுகள் வளைய ஆரம்பித்தன. இங்கிருந்து போகும்போது நேராகத்தான் இருக்கும். வாங்கியவர்கள் மேல்பூச்சுக்காக மறுபடி சூடாக்கினால், நனைந்து காய்ந்த புத்தக அட்டை போல ஓரம் தூக்கிக்கொள்ளும். இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளரும் கைகழுவப் பார்த்தார். அவர் போனால் உலையை அணைக்க வேண்டியதுதான். பதினோரு வருடமாக எரிகிற உலை. ஒருமுறை குளிர்ந்தால் செங்கல் வெடித்துவிடும், அப்புறம் இடிக்கத்தான் ஆகும். அந்த உலையைப் பார்த்துக்கொள்பவன் அவளுடைய சொந்தத் தம்பி.

ஆறு கலவை போட்டுப் பார்த்தாள். ஆறும் காலை வாரின. ஏழாவதில் சோடாவை நன்றாகக் குறைத்து அலுமினாவைக் கூட்டினாள். இது மறுசூட்டில் இளகாமல் விறைப்பாக நிற்க வேண்டும்.

"எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டார் மேலாளர்.

உலைக்குள் பழைய கண்ணாடி கிடக்கும். புதியது அதைத் தள்ளி வெளியேற்றக் கணக்குப்படி மூன்று நாள். மூலைகளில் தங்கியது நகர இன்னும் இரண்டு நாள். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஆறு முறை தோற்றவளுக்கு ஐந்து என்று சொல்ல வாய் கூசியது. கேட்டால் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்தாள்.

"மூணு நாள் போதும் சார்."

மூன்றாம் நாள் தகடும் சோதனை அடுப்பில் வளைந்தது. பழையது இன்னும் கலந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் தன்மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. 'கலவை தோல்வி' என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

உலையை அணைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வர இரண்டு நாள் ஆனது. அதுவரை உலையைப் பட்டினி போட முடியாதென்று அதே கலவையைத்தான் கொட்டினார்கள். ஐந்தாம் நாள் காலை, உலையைக் காலி செய்ய அடித்துளையைத் திறந்தார்கள். உருகிய கண்ணாடியின் மட்டம் இறங்கும்வரை இயந்திரம் தகடு இழுத்துக்கொண்டே இருந்தது. கை சும்மா இருக்காமல் தம்பி ஒரு துண்டை எடுத்துச் சோதனை அடுப்பில் சுட்டான். ஆறியதும் இரும்பு மேசையில் போட்டு, ஓரத்தில் காகிதம் நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை. தகடு துளிகூட வளையவில்லை.

"அக்கா, இங்க வந்து பாரேன்."

நாலு ஓரமும் பார்த்தாள். அந்தத் துண்டோடு மேலாளர் அறைக்கு ஓடினாள்.

அவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே துளையை அடைக்க முடியாதும்மா, பாதி இறங்கிடுச்சு. அஞ்சு நாள் ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களுக்காக நான் ஒரு வாரம் கேட்டு வாங்கி வச்சிருந்தேன்."

வெளியே தம்பி காத்திருந்தான்.

"என்னக்கா சொன்னாரு?"

"ஒரு வாரம் இருந்துச்சாம்டா," என்றாள். "நான்தான் கேக்கல."